சிபாப் மாஸ்க்கோடு முதல் 60 இரவுகள்

எனக்கு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், இருப்பது குறட்டையால் தெரியவரவில்லை. ராத்திரியில் சிறுநீர் கழிக்க எழுந்து எழுந்துதான் தெரியவந்தது. இரவுக்கு நான்கு தடவை, சில நாட்களில் ஐந்து. அப்போது எனக்கு வயது 48. சர்க்கரையோ, புராஸ்டேட்டோ என்று பயந்துபோய் மருத்துவரைப் பார்த்தேன். இரண்டு பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "குறட்டை விடுவீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "குறட்டைகூடப் பரவாயில்லை டாக்டர். நடுவுல சத்தமே நின்னுடும். மூச்சு திரும்பி வர்ற வரைக்கும் நான் எண்ணிட்டுக் கிடப்பேன்."

இத்தனை வருஷமாக அவள் எண்ணிக்கொண்டு கிடந்தது எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

மூச்சுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டபோது மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தூங்கும்போது எல்லோருக்குமே தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அது அளவு மீறிப்போய், நாக்கும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். காற்று உள்ளே போகாது. நெஞ்சு மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படி இழுக்க இழுக்க நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்துக்கு வழக்கத்தைவிட அதிக ரத்தம் வந்து சேர்கிறது. மேலறைகள் விரிகின்றன. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை இதயம் சுரக்கிறது. சிறுநீரகம் ராத்திரி முழுக்க வேலை செய்கிறது. நான் எழுந்து எழுந்து போனது அதனால்தான். இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், என்னைப் போலவே இதை வேறு ஏதோ நோய் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய இருப்பார்கள். ராத்திரி அடிக்கடி எழுகிறீர்களா? காலையில் தலைவலியோடு விழிக்கிறீர்களா? மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் அடங்கவில்லையா? உங்கள் பக்கத்தில் படுப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஸ்லீப் ஸ்டடியை வீட்டிலேயே செய்துகொள்ளும் வகையில் கொடுத்தார்கள். மூக்கில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். ஒரே இரவு. முடிவில் ஏஎச்ஐ 37 என்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றுபோகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்ற கணக்கு அது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேரும். ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். எனக்கு ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் நின்றிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 79 சதவீதம் வரை இறங்கியிருந்தது. எட்டு மணி நேரம் படுத்தும் நான் தூங்கவே இல்லை என்பதுதான் அந்தத் தாளின் அர்த்தம். மூச்சு அடைபடும் ஒவ்வொரு தடவையும் மூளை என்னை எழுப்பி எழுப்பி மூச்சு விட வைத்திருக்கிறது. ஒரு தடவைகூட எனக்கு நினைவில் இல்லை.

சரி, சிபாப் போட வேண்டும் என்றார்கள். எனக்கு அது ஆக்சிஜன் கொடுக்கும் கருவி, கடைசிக் கட்டத்தில் வைப்பது என்ற எண்ணம் இருந்தது. அது தப்பு. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் அது வடிகட்டி, ஓர் அழுத்தத்தோடு குழாய் வழியாக மாஸ்க்குக்கு அனுப்புகிறது. சரிகிற கூரைக்கு முட்டுக்கொடுப்பது போல, அந்த அழுத்தம் தொண்டையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. மூச்சை இழுப்பதும் விடுவதும் நாம்தான். வென்டிலேட்டர் போல அது நமக்காக மூச்சு விடுவதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். 1980-இல் சிட்னியில் வாக்குவம் கிளீனர் மோட்டார் ஒன்றை வைத்து முதல் கருவியைச் செய்தார். அடுத்த வருஷம், ஐந்து நோயாளிகளிடம் செய்த சோதனை லான்செட் இதழில் வெளிவந்தது. அதற்கு முன்பு தீவிரமான அப்னியாவுக்கு உருப்படியான சிகிச்சை என்றால், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான். முதல் வாரத்தில் மாஸ்க்கை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இதைப் படித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஆனால் முதல் இரவு மரியாதையெல்லாம் இல்லை. மாஸ்க்கை மாட்டி, விளக்கை அணைத்து, பத்து நிமிடத்தில் மூச்சு முட்ட ஆரம்பித்தது. காற்று கொடுக்கும் கருவிதான். ஆனால் எனக்குக் காற்றே போதவில்லை. நெஞ்சு படபடத்தது. மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். இரண்டாம் இரவும் அதேதான். மூன்றாம் இரவு அதைத் தொடவே இல்லை. என் உடம்புக்கு இது ஒத்துவராது என்று முடிவுகூடக் கட்டிவிட்டேன்.

நான்காம் நாள் கிளினிக்குக்கு போன் செய்ததுதான் என்னைக் காப்பாற்றியது. மறுமுனையில் பேசிய டெக்னீஷியன் கேட்ட முதல் கேள்வி: "காத்து அதிகமா வருதுன்னு முட்டுதா, பத்தலைன்னு முட்டுதா?" பத்தவில்லை என்றேன். விஷயம் இதுதான். எந்திரங்களின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 வரை போகும். தண்ணீரை எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தள்ளும் என்பதுதான் அந்த அளவு. தூங்கிப்போகும் வரை சிரமம் இருக்கக் கூடாது என்று 4-இல் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றும் வசதிக்கு ரேம்ப் என்று பெயர். பலருக்கு அது சுகமாக இருக்கும். ஆனால் பெரியவர்களில் நிறையப் பேருக்கு 4 என்பது மூச்சு முட்டும் அளவு. அவர் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்ப அழுத்தத்தை 7 ஆக்கினார். மூச்சை வெளியே விடும்போது மட்டும் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் வசதியையும் போட்டுவிட்டார். அன்று ராத்திரி முட்டல் இல்லை. மூன்று இரவுகளாக என் உடம்பின் குறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரே ஓர் எண்.

அந்த போன் அழைப்புக்குப் பிறகு நான் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும், என்ன தொந்தரவு என்பதை ஒரு வரியில் எழுதி வைப்பேன். "சரியா தூங்கலை" என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. "3 மணிக்கு இடது கண்ணில் காற்று அடித்தது", "வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது", "வயிறு உப்பல்", இப்படி. சிபாப்பைப் பாதியில் கைவிடுபவர்கள் அதை ஒரே பெரிய சங்கடமாகத்தான் சொல்கிறார்கள். நானும் முதல் மூன்று நாள் அப்படித்தான் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் அது ஐந்தாறு சின்னச் சின்னத் தொந்தரவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவதை மட்டும் செய்யாதீர்கள். பொறுத்துக்கொள்பவர்தான் மூன்றாம் வாரம் எந்திரத்தை அலமாரியில் ஏற்றிவிடுகிறார்.

என்னுடைய பட்டியலில் பெரியது மாஸ்க். வாயைத் திறந்து தூங்குகிறவன் என்று எனக்கு மூக்கையும் வாயையும் மூடும் பெரிய மாஸ்க் கொடுத்திருந்தார்கள். உட்கார்ந்துகொண்டு மாட்டிப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. படுத்து ஒரு பக்கம் திரும்பினால் மூக்குத்தண்டு ஓரமாகக் காற்று பீய்ச்சிக் கண்ணுக்குள் அடித்தது. கசிகிறதே என்று பட்டையை இறுக்கினேன். இன்னும் கசிந்தது. இன்னும் இறுக்கினேன். ஒரு வாரத்தில் மூக்குத்தண்டில் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியது.

டெக்னீஷியன் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, எந்திரத்தை என் வழக்கமான அழுத்தத்தில் ஓடவிட்டு, எல்லாப் பட்டைகளையும் தளர்த்தினார். பிறகு மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, மெதுவாகத் திரும்ப உட்கார வைத்தார். அந்த சிலிக்கான் ஓரம் காற்றில் பலூன் போல உப்பி, தானாகவே கன்னத்தில் படிந்தது. கசிவு நின்றுவிட்டது. பட்டைக்கு அடியில் விரல் தாராளமாக நுழைந்தது. "இந்த உப்பல்தான் சார் அடைப்பு. நீங்க இறுக்கினா அது நசுங்கிப் போயிடும், எப்படி அடைக்கும்?" என்றார். எனக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. ஆகவே மாஸ்க்கைச் சரிபார்ப்பதென்றால் படுத்த நிலையில், எந்திரம் ஓடும்போது, நீங்கள் தூங்கும் பக்கம் திரும்பிப் பாருங்கள். நின்றுகொண்டு கண்ணாடி முன்னால் பார்ப்பது வீண்.

இன்னொன்றையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எல்லா மாஸ்க்கிலும் முன்பக்கம் பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். அதன் வழியாக எந்நேரமும் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். அது கசிவு இல்லை. நாம் வெளியே விடும் கரியமில வாயு போவதற்கான வழி. அதை அடைக்கவே கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் சிலர் அதன்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள் என்று டெக்னீஷியன் கவலையோடு சொன்னார்.

அப்புறம் மூக்கை மட்டும் மூடும் சின்ன மாஸ்க்குக்கு மாறினேன். வாயால் மூச்சு விடுகிறவனுக்கு அது சரிவருமா என்ற சந்தேகம் எனக்கே இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்ததற்குக் காரணமே மூக்கடைப்பும் அப்னியாவும்தான். படுப்பதற்கு முன் உப்பு நீரால் மூக்கைக் கழுவ ஆரம்பித்தேன். மருத்துவர் ஒரு ஸ்பிரேயும் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் வாய் தானாக மூடிக்கொண்டது. எல்லோருக்கும் இது நடக்காது. மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்குப் பெரிய மாஸ்க்தான் சரி. மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் இன்னும் சின்ன வகையும் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பவர்களும், முகத்தில் எதுவும் படக்கூடாது என்பவர்களும் அதை விரும்புகிறார்கள். மாற்றிப் பார்க்கத் தயங்காதீர்கள். முதலில் கொடுத்த மாஸ்க்தான் கடைசிவரை என்று எந்தச் சட்டமும் இல்லை. சில மாஸ்க்குகளின் பட்டையில் காந்தக் கொக்கி இருக்கும். உங்களுக்கோ, ஒட்டிப் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது உடம்புக்குள் இருந்தால் காந்தம் இல்லாத மாஸ்க்காகக் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க்கைப் பகலில் மாட்டிப் பழகுவது நல்ல யோசனை. மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து, எந்திரத்தை ஓடவிட்டு, அரை மணி நேரம் படித்துக்கொண்டோ டிவி பார்த்துக்கொண்டோ இருப்பேன். தூங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் மனசுக்குப் பதற்றம் இல்லை. ஐந்தாறு நாளில் முகத்தில் அது இருப்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டது. மூடிய இடம் என்றாலே பயப்படுபவர்கள், முதலில் எந்திரம் இல்லாமல் மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்துப் பார்ப்பதில் தொடங்கலாம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு ராத்திரி காதருகே கொப்புளிக்கும் சத்தம் கேட்டு விழித்தேன். குழாய்க்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. மூக்கிலும் ஒரு சொட்டு விழுந்தது. பயந்துவிட்டேன். காரணம் எளிமையானது. எந்திரத்தோடு இருக்கும் தண்ணீர்த் தொட்டி காற்றை ஈரமாக்கி அனுப்புகிறது. ஏசி அறையில் குழாய் குளிர்ந்திருந்தால் அந்த ஈரம் உள்ளேயே தண்ணீராக மாறிவிடும். ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தேன், எந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தேன், குழாயைப் போர்வைக்குள் விட்டேன். நின்றுவிட்டது. குழாயையே சூடாக்கும் வகையும் கிடைக்கிறது. மறுபக்கம், ஈரப்பதத்தை ரொம்பக் குறைத்தால் மூக்கு வறண்டு எரியும். உங்கள் அறைக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடிக்க நான்கைந்து இரவு ஆகும்.

தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதாதா என்று நானும் கேட்டேன். கொதித்தால் கிருமி சாகும். உப்புகள் போகாது, அவை தொட்டியில் வெள்ளையாகப் படியும். மிச்சத் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டுத் தொட்டியைக் காய வைக்கிறேன். மாஸ்க்கில் முகம் படும் ஓரத்தைத் தினமும் துடைப்பேன். வாரத்துக்கு ஒருநாள் மாஸ்க், குழாய், தொட்டி மூன்றையும் மிதமான வெந்நீரில் மணமில்லாத சோப்பு போட்டு அலசி நிழலில் தொங்கவிடுவேன். பஞ்சு ஃபில்டர் பழுப்பேறினால் மாற்றிவிடுவேன். இவ்வளவு போதும். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் கருவிகளை வாங்கப் போகிறீர்களா? வேண்டாம். அந்த வாயு மூச்சுக் குழலை எரிச்சலூட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2020-இல் அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. முகத்தையும் கழுவிவிட்டுப் படுங்கள். கிரீம், எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிக்கான் வழுக்கும், கசியும்.

வயிறு உப்பலை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மூன்றாம் வாரம், காலையில் எழுந்தால் வயிறு கல் மாதிரி இருக்கும், ஏப்பமாக வரும். தூக்கத்தில் காற்றை விழுங்கியிருக்கிறேன். மல்லாந்து படுப்பதை விட்டு ஒருக்களித்துப் படுத்ததிலும், மருத்துவர் உச்ச அழுத்தத்தைச் சற்றுக் குறைத்ததிலும் அது அடங்கியது. ஒருக்களித்துப் படுத்தால் தொண்டை அவ்வளவாகச் சரியாது. குறைந்த அழுத்தமே பலருக்குப் போதும்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். எந்திரத்தின் உள் மெனுவைத் திறக்கும் வழி எங்கேயாவது கிடைத்துவிடும். ரேம்ப், ஈரப்பதம், குழாய்ச் சூடு இவையெல்லாம் நம் வசதிக்கானவை, தாராளமாக மாற்றிப் பாருங்கள். அழுத்தத்தை மட்டும் சொந்தமாக ஏற்றாதீர்கள். சிலருக்கு அழுத்தம் கொடுக்கத் தொடங்கியதும், தொண்டை திறந்திருந்தும் மூளையே மூச்சு விடச் சொல்லாமல் விடும் வேறு வகை அப்னியா தலைகாட்டும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும், சிலருக்குப் போகாது. அதைப் பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை.

அந்தந்த நாள் ராத்திரிக் கணக்கை எந்திரமே காலையில் காட்டும்: எத்தனை மணி நேரம், எவ்வளவு கசிவு, ஏஎச்ஐ எவ்வளவு. முதல் மாதம் நான் அதைப் பரீட்சை மார்க் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் 2.1, மறுநாள் 6.8. மனசு உடைந்துவிடும். எந்திரத்துக்கு நாம் தூங்குகிறோமா, விழித்துக்கொண்டு புரள்கிறோமா என்பது தெரியாது. விழிப்பில் மூச்சைப் பிடித்தாலும் சில சமயம் எண்ணிவிடும். கசிவு அதிகமாக இருந்தால் கணக்கும் நம்பும்படி இருக்காது. ஒரு வாரச் சராசரி ஐந்துக்குக் கீழே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மணி நேரம்தான் நான் மிக முக்கியமாக நினைப்பது. இரவுக்கு 4 மணி நேரம், பத்தில் ஏழு இரவு என்றால் ஒழுங்காகப் பயன்படுத்துகிறார் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். நான் அதையே இலக்காக எடுத்துக்கொண்டு, ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்தால் "நாலு மணி நேரம் ஆயிடுச்சு" என்று கழற்றிவிட்டுத் தூங்குவேன். மருத்துவர் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னது என் மனதில் தைத்தது. கனவு காணும் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அந்தத் தூக்கத்தில்தான் தசைகள் மிகவும் தளர்ந்து, பலருக்கு அப்னியா மோசமாகிறது. அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் நான் கழற்றிக்கொண்டிருந்தேன். 2016-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு சிபாப் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை. ஆனால் அவர்கள் அதைச் சராசரியாகப் பயன்படுத்தியது இரவுக்கு 3.3 மணி நேரம்தான். சிபாப் இதயத்தைக் கட்டாயம் காக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி ராத்திரிப் பயன்பாட்டை வைத்து அதன் முழுப் பலனை அளக்க முடியாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு, கழற்றினால் திரும்ப மாட்டுவது, பகலில் அரை மணி நேரம் கண்ணயர்ந்தாலும் மாட்டுவது என்று வைத்துக்கொண்டேன். தூக்கத்திலேயே என்னை அறியாமல் கழற்றிப்போட்ட இரவுகளும் உண்டு. மாஸ்க் கழன்றால் சத்தம் எழுப்பும் அலாரம் எந்திரத்தில் இருந்தது. இரண்டு வாரம் அதைப் போட்டு வைத்ததும் அந்தப் பழக்கம் போனது.

பலன் எப்போது தெரிந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிலருக்கு மறுநாளே உலகம் பளிச்சென்று ஆகிவிடுமாம். எனக்கு அப்படி இல்லை. முதலில் வந்தது கனவுகள்தான். பத்தாவது நாள் வாக்கில், பல வருஷமாகக் காணாத அளவுக்கு, நிறம் நிறமாக, நீளமாக. பறிபோன அந்தத் தூக்கத்தை உடம்பு சேர்த்துப் பிடிக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பதினேழாவது நாள் காலையில் கண் விழித்தபோது ஜன்னல் திரை ஓரம் வெளிச்சமாக இருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அந்த வெளிச்சத்துக்கு முன்பு வழக்கமாக நான் பாத்ரூம் விளக்கை நான்கு தடவை பார்த்திருப்பேன். கட்டிலுக்குக் கீழே செருப்பு, படுக்கும்போது எப்படிக் கழற்றி விட்டேனோ அப்படியே இருந்தது. எந்திரம் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மனைவி அந்தப் பக்கம் திரும்பி, கன்னத்துக்கு அடியில் கையை வைத்து ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்று எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது, எழுப்பவில்லை.

பகல் அசதி போக மட்டும் ஆறு வாரம் பிடித்தது. இந்த இடைவெளியில்தான் பலர் "தினமும் மாட்டுறேன், ஒண்ணும் மாறலையே" என்று விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். கணக்கெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகும் பகலில் கண் செருகினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை, மன அழுத்தம், தூங்கும் நேரம் போதாமை என்று வேறு காரணம் இருக்கலாம். அந்த அசதி தீரும் வரை நீண்ட தூரம் வண்டி ஓட்டுவதைத் தயவுசெய்து தவிருங்கள். படுக்கும் முன் மது, சொந்தமாக வாங்கிப் போடும் தூக்க மாத்திரை இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்.

என் ரத்த அழுத்தம் சற்று இறங்கியது, மாத்திரை நிற்கவில்லை. உடல் எடை தானாகக் குறையவும் இல்லை. ஆனால் காலையில் நடக்கத் தெம்பு வந்தது. மீதியை அந்த நடை பார்த்துக்கொள்கிறது.

வெளியூர் போனால் எந்திரத்தைக் கைப்பையாகவே எடுத்துப் போகிறேன். விமானத்தில் அதை லக்கேஜில் போடக் கூடாது. கிளம்பும் முன் தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டாருக்குள் போய்விடும். மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் பையில் இருக்கிறது. கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம் வேண்டாம். பெரிய மாஸ்க்கில் அழுத்தம் விழுந்ததும் வெளிக்காற்றுக்குத் திறக்கும் வால்வு இருக்கிறது, மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. பெரும்பாலும் விழிப்பு வந்துவிடும். ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது. எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும், பல் சம்பந்தப்பட்டதாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஸ்லீப் அப்னியா இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். எந்திரத்தையும் கூடவே கொண்டுபோங்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் தொண்டை சரிவது சாதாரணத் தூக்கத்தைவிட ஆபத்தானது.

இது குடும்பத்தில் ஓடக்கூடியது. தாடை அமைப்பு, தொண்டையின் அகலம் எல்லாம் பரம்பரையாக வருகின்றன. என் அண்ணனின் குறட்டையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஸ்லீப் ஸ்டடி செய்துகொள்ளச் சொல்லி மூன்று மாதம் விடாமல் கேட்டேன். கடைசியில் செய்துகொண்டார். அவருக்கு ஏஎச்ஐ 41. போன மாதம் எந்திரம் வந்தது. இரண்டாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு போன் அடித்தார்.

"தம்பி, இது எனக்குச் சரிப்படாதுடா. மூச்சு முட்டுது."

"காத்து அதிகமா வந்து முட்டுதா அண்ணே, பத்தாம முட்டுதா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எந்திரத்தின் இரைச்சல் மட்டும் போனில் கேட்டது.

"பத்தலைடா."

"திரையில எவ்வளவுன்னு காட்டுது?"

"நாலு."

"சரிண்ணே. இன்னைக்கு ராத்திரிக்கு மட்டும் ரேம்ப்பை ஆஃப் பண்ணிப் பாருங்க, எங்க இருக்குன்னு நான் சொல்றேன். காலையில முதல் வேலையா கிளினிக்குக்கு போன் போட்டு இந்த நாலைச் சொல்லுங்க."